வீட்டில் ஒலிக்கும் பாட்டும் ஊருக்குச் சொல்லும் சொல்லும்

கச்சேரி அரங்கில் அமர்ந்திருப்பவரின் முகக்குறிப்பையும் தாளமிடும் கையையும் கண்டு அவருடைய இரசனையை ஓரளவு அறிந்துகொள்ள முடியும். ஆனால், இசைத்தட்டு வீட்டுக்குள் வந்தபின், ஒருவர் தம் அறையில் எதைக் கேட்கிறார், கேட்டபின் அவருக்கு என்ன ஆகிறது என்பவை அவரே சொன்னாலன்றிப் பிறர் அறிய முடியாத செய்திகளாயின. அச்செய்தியை வீடுகளிலிருந்து திரட்ட முயன்றவர்களுள் தாமஸ் எடிசனின் இசைத்தட்டு நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் பயன்முறை உளவியல் துறைக்குத் தலைவராக இருந்த வால்டர் பிங்கமின் துணையோடு, 1920ஆம் ஆண்டையொட்டி அவர்கள் 'மனநிலை மாற்ற அட்டவணை' என்னும் படிவத்தை அச்சிட்டு மக்களிடம் கொடுத்தனர். எத்தகைய இசையைக் கேட்க மனம் விழைந்தது, கேட்பதற்கு முன் கவலையோடு இருந்தீர்களா கவலையற்று இருந்தீர்களா, படபடப்போடு இருந்தீர்களா அமைதியாக இருந்தீர்களா, கேட்டபின் அந்நிலை எவ்வாறு மாறியது என்று அப்படிவம் வினவியது. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, ஒன்றாக அமர்ந்து இசைத்தட்டுகளைக் கேட்டு, படிவங்களை நிரப்புமாறும் நிறுவனம் மக்களை ஊக்குவித்தது. இவற்றின் பயனாக, 112 இசைத்தட்டுகளை அவை உண்டாக்கும் மனநிலைக்கேற்ப வகைப்படுத்திய சிறுநூல் ஒன்று 1921இல் வெளிவந்தது.

மனநிலை மாறும் என்ற எதிர்பார்ப்பைத் தலைப்பிலேயே விதைத்துவிட்டு, பின்னர் மாறியதா என்று வினவும் படிவத்தை, அதுவும் இசைத்தட்டு விற்பவரே கொடுக்கும் படிவத்தை, இன்றைய ஆய்வுமுறை ஏற்காது. எனினும், வீட்டில் இசை கேட்கும் எளிய மனிதரின் சொல்லை ஆய்வுக்குரிய பொருளாக அது மதித்தது என்பதைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது.

அச்சொல் கேட்பவருக்கு எதைத் தெரிவிக்கிறது என்பதைப் பீட்டர் ரென்ட்ஃபிரோ, சாமுவேல் காஸ்லிங் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருவரையொருவர் அறியாத மாணவர்களை இணைய வழியாக ஆறு வாரங்கள் பழகவிட்டபோது, அவர்கள் மற்றெப்பொருளையும்விட இசையைப் பற்றியே அதிகம் பேசினர். ஒருவர் தமக்கு மிகவும் பிடித்தவையாகத் தேர்ந்த பத்துப் பாடல்களை மட்டும் கேட்ட அந்நியர்கள், அவருடைய இயல்புகள் சிலவற்றை, குறிப்பாகப் புதியவற்றை நாடும் திறந்த மனப்பாங்கை, பிழையின்றிக் கணிப்பதில் தற்செயலைக் கடந்த வெற்றி பெற்றனர்.

அதே 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பிறருடைய விருப்பத்தை அறிவது ஒருவரின் தேர்வை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்தது. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும், பெரிதும் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கவும் விரும்பியதைப் பதிவிறக்கவும் செய்தனர். ஒரு பிரிவினருக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டுமே தெரிந்தன. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பற்ற எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கையையும் கண்டனர். எல்லா உலகங்களும் ஒரே நிலையில் தொடங்கியும், ஓர் உலகில் உச்சிக்குச் சென்ற பாடல் மற்றோர் உலகில் நடுவில் கிடந்தது. மிகச் சிறந்தவை அடியில் வீழ்ந்ததும் மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கோ எந்த நிலையும் வாய்க்கலாம் என்றிருந்தது. பிறருடைய தெரிவு கண்ணில் பட்ட உலகங்களில் வெற்றி பெற்றவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் இடையிலான தொலைவும் பெருகியது. ஒரு பாட்டின் வெற்றியை அதன் தரத்துக்கே முழுமையாக உரித்தாக்கும் விமர்சகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய முடிவு இது.

இவ்வளைவு உண்மையான விருப்ப மாற்றமா, கூட்டத்தோடு ஒத்துப்போகும் முயற்சியா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவத்தினர் சிறு இசைத்துணுக்குகளைக் கேட்டு மதிப்பிடும்போது அவர்களுடைய மூளை, எந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் மிகுகிறது என்று காட்டும் காந்த அதிர்வுப் படமெடுப்பால் கண்காணிக்கப்பட்டது. பாடலின் செல்வாக்கைக் கண்டபின் தம் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளும் போக்கு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதிகளைவிட, பதற்றத்தோடும் முரண்பாட்டை உணர்வதோடும் தொடர்புடைய முன் இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகளின் செயற்பாட்டோடு இணைந்திருந்தது. தம் செவி சொல்வதும் ஊர் சொல்வதும் பொருந்தாதபோது தோன்றும் சங்கடமே அவர்களை நகர்த்தியது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

கேட்பவர் வாய்திறவாமலே செய்தி வெளியேறும் வழியும் இதற்கிடையே பிறந்தது. சவுத்தாம்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2002இல் உருவாக்கிய ஆடியோஸ்கிராப்ளர், ஒருவருடைய கணினியில் ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டின் பெயரையும் தானே குறித்துக்கொண்டு பட்டியலிட்டது. எடிசனின் படிவத்தைவிட இப்பதிவு துல்லியமானது. ஆனால் பாட்டு ஒலித்ததை அறியுமேயன்றி, அது கேட்கப்பட்டதா, மனத்தைத் தொட்டதா என்பதை அறியாது. ஒருவர் தாமே தேர்ந்து, காரணத்தோடு சொல்லும் பெயருக்கு உள்ள எடை இப்பட்டியலுக்கு இல்லை.

பதிவிறக்க எண்ணிக்கையின் செல்வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பது, சால்கானிக்கும் வாட்ஸும் 2008இல் வெளியிட்ட தொடர் சோதனையில் புலப்பட்டது. அதில் அவர்கள் பதிவிறக்க வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியிலிருந்த பாடலே முதலிடத்தில் இருப்பதாகக் காட்டினர். பொய்யாக உயர்த்தப்பட்ட பாடல்கள் பல உண்மையாகவே செல்வாக்குப் பெற்றன. எனினும், சிறந்த பாடல்கள் சில காலப்போக்கில் இழந்த இடத்தை நோக்கி மெல்ல ஏறின, தலைகீழான பட்டியலைக் கண்டவர்கள் மொத்தத்தில் பதிவிறக்கிய பாடல்களும் குறைந்தன.