துறைமுகப் பட்டறையும் கப்பல் உத்தியோகமும்

நிலப்பரப்பில் வாழ்வோர்க்குச் சாலையும் இருப்புப் பாதையும் எவ்வாறோ, அவ்வாறே தீவுகளில் வாழ்வோர்க்குக் கப்பல். அந்தமான் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் தீவுகளும் பாறைத் திட்டுகளுமாக 800-க்கு மேல் உள்ளன. மக்கள் வாழ்பவை அவற்றுள் ஏறத்தாழ 30 மட்டுமே. அத்தீவுகளுக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் சிமெண்டும் இரும்பும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து கடல் வழியாகவே வந்து சேருகின்றன. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பயணிகள் கப்பல் இத்தொலைவைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரம் இதுவேயாகும்.

இத்தீவுகளில் தமிழ் மக்களின் தொகை சிறிதன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஹாடோ துறையிலும் பீனிக்ஸ் விரிகுடாவிலும் கப்பல்கள் வருவதையும் போவதையும் கண்டு வளரும் இளைஞன், தானும் ஒரு நாள் கப்பலில் உத்தியோகம் பெற வேண்டும் என எண்ணுவது இயல்பே. அதற்கு வழி யாது என்று அவன் கேட்டால், “பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படி, பிறகு டாக்யார்டில் அப்ரண்டிஸாகச் சேர்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே விடையைக் கேட்கலாம். இவ்விடையில் உண்மை உண்டு. ஆயின், முழு உண்மை இல்லை. எவ்வளவு உண்மை என்பதை அறிந்து கொண்டு இறங்குவோர்க்கே இவ்வழி பயன் தரும்.

முதற்கண், துறைமுகப் பட்டறையில் நடைபெறும் வேலை எத்தகையது என்று காண்போம். கடல் நீரில் மிதக்கும் இரும்பு ஓயாது அரிக்கப்படுகிறது. கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் படிகின்றன. அவை படியப் படியக் கப்பலின் வேகம் குறைகிறது, எண்ணெய்ச் செலவு கூடுகிறது. ஆகவே சரக்குக் கப்பலை ஐந்தாண்டுக்குள் இரு முறையாவது நீரிலிருந்து வெளிப்படுத்தி, அதன் அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பயணிகள் கப்பலுக்கு விதி இன்னும் கடுமையானது.

இச்சோதனைக்கு உதவுவது உலர்துறை. கப்பலை உள்ளே செலுத்தி, வாயிலை அடைத்து, நீரை இறைத்து விட்டால், வரிசையாக அடுக்கிய கட்டைகளின் மேல் கப்பல் அமர்ந்து விடும். பிறகு அடித்தகடுகளின் கனத்தை அளந்து, தேய்ந்தவற்றை வெட்டியெடுத்துப் புதியன பற்றவைக்கிறார்கள். அரிப்பைத் தம் மேல் ஏற்றுக் கொண்டு கப்பலின் இரும்பைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுகிறார்கள். சுழலித் தண்டையும் கடல் நீர் வால்வுகளையும் கழற்றிப் பார்க்கிறார்கள். நீரை இறைப்பதற்குப் பதிலாகக் கப்பலையே தூக்கி நிறுத்தும் மிதவைத் துறைகளும் உண்டு. போர்ட் பிளேரில் உள்ள கடற்படையின் மிதவைத் துறைகளுள் ஒன்று நம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டப்பெற்று, 2017-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. 185 மீட்டர் நீளமுள்ள அது 8,000 டன் எடையுள்ள கப்பலையும் தாங்க வல்லது.

போர்ட் பிளேரில் இத்தகைய பணி இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. ஒன்று, தீவு நிர்வாகத்தின் கப்பல் இலாகாவைச் சேர்ந்த மரைன் டாக்யார்ட்; மற்றொன்று, கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் நிலையம். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் முதலிய தொழில்களைக் கற்றவர்களே இங்குத் தேவைப்படுகிறார்கள். தீவிலேயே டாலிகஞ்சில் அரசாங்க ஐ.டி.ஐ. ஒன்று இருப்பது இவ்விளைஞர்களுக்குப் பெருந்துணை.

தொழில் பழகுதலுக்கு அடிப்படையாக உள்ளது 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். பழகுநரும் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அவ்வொப்பந்தம் பதிவு செய்யப்படவும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு பயின்ற ஃபிட்டருக்குப் பட்டறைப் பயிற்சி பொதுவாக ஓராண்டு. மாதந்தோறும் உதவித் தொகை உண்டு; 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் அதன் கீழ் எல்லையைத் தகுதிக்கேற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை வகுத்தன. பயிற்சியின் போது விபத்து நேரின் நஷ்ட ஈடு தருவது நிறுவனத்தின் கடமை. பயிற்சி முடிந்து தேர்வில் வென்றவர்க்கு நாடெங்கும் செல்லும் தேசியச் சான்றிதழ் கிடைக்கிறது.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, சட்டத்தின் கண்ணில் பழகுநர் என்பவர் மாணவர், தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, ஒப்பந்தத்திலேயே அவ்வாறு எழுதியிருந்தாலன்றி. “பையன் டாக்யார்டில் சேர்ந்து விட்டான்; இனிக் கவலை இல்லை” என்று கடன் வாங்கிக் கல்யாணம் பேசும் பெற்றோர் இதனை அறிதல் நன்று.

இரண்டாவது, கரையில் கழிந்த பயிற்சிக் காலம் கடலில் கழிந்த காலமாகக் கணக்கிடப்படுவதில்லை. கப்பலில் மேல் பதவிக்குரிய தேர்வுகளை எழுத, கடலில் பணியாற்றிய மாதங்களே முதன்மையாகக் கேட்கப்படுகின்றன. கப்பல் எந்திரப் பொறியாளருக்குப் பட்டறைத் திறன் இன்றியமையாதது என்று சர்வதேச விதிகளே கூறுகின்றன. எனினும் அது அங்கீகாரம் பெற்ற கப்பற் பயிற்சியின் பகுதியாக அமைந்தாலன்றி ஏற்கப்படாது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடு முன், முடிவில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும், அது எந்த உத்தியோகத்துக்குத் தகுதி அளிக்கும் என்று கேட்டறிய வேண்டும்.

அப்படியாயின் பட்டறையிலிருந்து கப்பலுக்குச் செல்ல வழி இல்லையா? உண்டு. பத்தாம் வகுப்பிலோ, இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பிலோ தேறிய, பதினேழரை வயதுக்கு மேல் இருபத்தைந்துக்கு உட்பட்ட இளைஞர், பொதுப்பணி மாலுமிகளுக்குரிய ஆறு மாதப் பயிற்சியில் சேரலாம். பயிற்சி நிலையம் மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் வேண்டும். கண்பார்வையும் நிறம் பிரித்தறியும் ஆற்றலும் சோதிக்கப்படும். ஆங்கிலத்தில் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் கேட்கப்படுகிறது. தமிழ் வழியில் பயின்றோர் பலர் இடறுவது இங்கேதான். கப்பலில் ஆணைகள் ஆங்கிலத்தில் இடப்படுகின்றன. தீப்பிடித்த வேளையில் ஆணையைப் புரிந்து கொள்ளாதவன் தனக்கும் பிறர்க்கும் ஆபத்து விளைவிப்பான். எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் கருத்துச் செலுத்துவது நல்ல முன்னேற்பாடு.

பயிற்சி முடித்து, மாலுமிக்குரிய பதிவுப் புத்தகம் பெற்றுக் கப்பலேறியவன், முன்பே பட்டறையில் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் கற்றவனாயின், எந்திர அறையில் அவன் மதிப்புத் தனியாகத் தெரியும். நடுக்கடலில் குழாய் வெடித்தால் கரையிலிருந்து ஆள் அழைக்க இயலாது அன்றோ! கடலில் போதிய மாதங்கள் பணியாற்றியபின், கரையோரப் பயணங்களுக்குரிய அதிகாரித் தேர்வுகளை எழுதவும் வாய்ப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் பயின்றோர்க்கு நேர்வழி வேறு. 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் நுழைவுத் தேர்வே அது. இவ்வழிகள் பெண்களுக்கும் திறந்தே உள்ளன.

இறுதியாக, தரகரைப் பற்றி ஒரு சொல். கப்பலில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி இலட்சக் கணக்கில் பணம் பெறுவோர் துறைமுக நகரங்கள் எங்கும் உளர். ஊரில் இருக்கும் காணியை விற்றும், தாயின் நகையை அடகு வைத்தும் இவர்களிடம் ஏமாந்த குடும்பங்கள் பல. கடற்பணியாளர் நலன் பற்றிய 2006-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக் கொண்டது. அதன்படி, வேலையில் அமர்த்துவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவது கூடாது; மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், பதிவுப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சேர்ந்தது. ஆள் சேர்க்கும் நிறுவனம் அரசாங்க உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவ்வுரிம எண்ணைக் கேட்டு வாங்கி, தலைமை இயக்ககத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமன்று. பணம் கேட்கும் கணமே அவன் தரகன் என்று தெளிந்து விலகுவதே அறிவுடைமை.

பட்டறைப் பயிற்சி பெற்ற இளைஞர் எல்லோரும் கப்பலேறப் போவதில்லை. சிலர் கரையிலேயே தங்கி, தீவுகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து வரும் கப்பல்களைப் பழுது நீக்கி அனுப்புவர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப் பேரலை நிக்கோபார்த் தீவுகளின் இறங்குதுறைகளைச் சிதைத்த பொழுது, கப்பல் இயங்கினாலன்றித் தீவு இயங்காது என்பதை நாடே கண்டது. கப்பலைச் செலுத்துவோர்க்கு நிகராக அதனைச் செப்பனிடுவோரும் அப்பணியில் பங்கு கொள்கின்றனர். எவ்வழி செல்வதாயினும், ஒப்பந்தத்தைப் படித்து, சான்றிதழின் தகுதியை அறிந்து, தரகருக்குக் காசு கொடாமல் தொடங்குமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.