போதைப்பொருள்: நம்பத்தகுந்த தகவலை யாரிடம் கேட்பது?

2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நெதர்லாந்தின் போதைப்பொருள் பரிசோதனைச் சேவையினர், 'சுப்பர்மேன்' இலச்சினை பொறித்த இளஞ்சிவப்பு மாத்திரையொன்றை ஆராய்ந்தனர். எக்ஸ்டசி என்ற பெயரில் விற்கப்பட்ட அம்மாத்திரையில் அதனிலும் கொடிய பி.எம்.எம்.ஏ. என்னும் இரசாயனம் பெருமளவில் இருந்தது. இது மெதுவாகவே வேலை செய்யத் தொடங்கும். முதலாவது மாத்திரை பலனளிக்கவில்லையெனக் கருதி இரண்டாவதை விழுங்குபவரின் உடல் வெப்பநிலை உயிராபத்தான அளவுக்கு உயர்ந்துவிடும். நெதர்லாந்து உடனடியாக நாடு தழுவிய எச்சரிக்கை விடுத்தது. அடுத்த சில வாரங்களில் பிரித்தானியாவில் இதையொத்த மாத்திரைகளை உட்கொண்ட நால்வர் உயிரிழந்தனர்.

பாவனையாளரே பொருளைக் கொண்டுவந்து, அதில் கலந்திருப்பது யாதென அறிந்துசெல்லும் அந்த ஏற்பாடு போதைப்பாவனையை ஊக்குவிப்பதாகாதா என்று நம்மிற் பலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், பாவிப்பதென முடிவெடுத்துவிட்டவன் உயிரோடிருந்தால் மாத்திரமே அவனைத் திருத்துவது பற்றிப் பேசவும் முடியும். மது முதலான போதையனைத்தையும் ஹராம் எனத் தடுக்கும் இஸ்லாமிய ஷரீஆவே உயிரைப் பாதுகாத்தலைத் தனது அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாகவும் கொண்டுள்ளது. தீங்குக் குறைப்பு எனப்படும் அணுகுமுறை இதற்கு முரணானதன்று.

நமது நாட்டில் ஐஸ், ஹெரோயின் ஆகியவற்றுடன் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர்கள் வழங்கும் பிரிகபலின் போன்ற மாத்திரைகளும் இளைஞரின் கைகளில் புழங்குகின்றன. இவை பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் தகவல்களோ இருவகைப்பட்டவை. ஒன்று, விற்பவனும் நண்பனும் கூறும் 'ஒன்றும் செய்யாது'. மற்றையது, மேடைகளில் நாம் முழங்கும் 'தொட்டால் மரணம்'. தொட்ட நண்பன் மறுநாளும் நடமாடுவதைக் கண்ட மாணவன், அதன்பின் நாம் கூறும் உண்மையையும் நம்பப்போவதில்லை. எவ்வளவு, எதனுடன் கலந்து, எந்த நோயுள்ளவர் உட்கொண்டால் என்ன நேரும் என்று சொல்பவரும், தெரியாததைத் தெரியாது என்பவரும், அதில் இலாபம் தேடாதவருமே நம்பத்தக்கவர்.

அத்தகையோரைத் தேடிச்செல்லத் தடையாக இருப்பது அச்சமே. 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஐஸ் தொடர்பான தண்டனைகளை மரண தண்டனை வரை கடுமையாக்கியது. குடும்ப மானம் பற்றிய கலக்கம் வேறு. எனினும் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சு தகவல் நிலையமும் உள்ளது. இச்சேவைகளைத் தமிழ் பேசும் பிரதேசங்களில் தமிழிலேயே, தயக்கமின்றிப் பெறக்கூடிய நிலையை உறுதிசெய்வது அரசாங்கத்தின் கடமையாகும்.

ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன. ஹெரோயினுடன் மதுவோ பிரிகபலினோ சேரும்போது சுவாசம் அடங்கிவிடக்கூடும். சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சிலகாலம் இருந்து திரும்பியவருக்கு, முன்னர் பழகிய அளவே உயிரைப் பறிக்கலாம். உடல் அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். உதடு நீலம்பாரித்து, மூச்சு மெதுவாகி, தட்டியெழுப்பியும் எழாதவருக்குத் தேசிக்காய்ச்சாறு பருக்கக்கூடாது. அது நுரையீரலுக்குட் செல்லும். அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 அம்பியுலன்ஸ் சேவையை அழைத்து, என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமற் கூறவேண்டும். ஹெரோயின் வகையின் விளைவை முறியடிக்கும் நலொக்சோன் மருந்து ஐஸுக்கோ பிரிகபலினுக்கோ பயன்படாது என்பதால், அந்த ஒரு தகவல் வைத்தியருக்கு இன்றியமையாதது. நலொக்சோனின் வலு ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ளேயே குறைந்துவிடுவதால், கண்விழித்துவிட்டார் என்பதற்காக அவரை உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடவும் கூடாது.