கியர் பாக்ஸ்: பராமரிப்பும் பழுதும்

என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது டிரான்ஸ்மிஷன். சாதாரண பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே போனால் நின்றுவிடும். 6,000 சுற்றை நெருங்கும்போது அதன் வேக எல்லை முடிந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவது, மேடு ஏறுவது, நெடுஞ்சாலையில் விரைவது எல்லாம் இந்த எல்லைக்குள் நடந்தாக வேண்டும். அதற்காகத்தான் பல அளவுப் பல்சக்கரங்கள். சிறிய கார்களின் முதல் கியரில் என்ஜின் ஏறத்தாழ மூன்றரைச் சுற்று சுற்றினால் கியர் பாக்ஸின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றும். வேகம் குறையும், இழுவை கூடும். ஐந்தாவது கியரில் இதற்கு நேர்மாறாக, வெளித்தண்டு என்ஜினைவிட வேகமாகச் சுழலும்.

கியர் பாக்ஸ் திடீரென்று கெடுவது அரிது. சத்தமாகவோ வாடையாகவோ அதிர்வாகவோ முன்கூட்டியே தெரிவித்துவிடும். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலான பழுதுகள் சிறு செலவோடு முடியும்.

கிளட்ச்

மேனுவல் கார்களில் முதலில் தேய்வது கிளட்ச் பிளேட். என்ஜினின் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அது இறுகப் பிடிபட்டிருக்கும்போது விசை முழுதும் கியர் பாக்ஸுக்குப் போகும். பெடலை அரைகுறையாக அழுத்தி ஓட்டும் 'ஹாஃப் கிளட்ச்' பழக்கத்தில் பிளேட் வழுக்கியபடியே சுழல்கிறது. அந்த உராய்வில் எழும் சூடு அதை அரித்துவிடும். மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துவதும், ஓடும்போது இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுவதும் பிளேட்டின் ஆயுளைக் கூட்டும்.

பிளேட் தேய்ந்துவிட்டதா என்று ஓட்டிப் பார்த்தே அறியலாம். மேல் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தும் என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் ஐயமே இல்லை.

ஆயில்

மேனுவல் கியர் பாக்ஸுக்குத் தேவையான ஆயில் பெரும்பாலான சிறிய கார்களில் இரண்டு லிட்டர் அளவுதான். மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் ஆயிலின் தரமும் காரோடு தரப்படும் கையேட்டில் இருக்கும். அந்தத் தரம் முக்கியம். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றக் கூடாது. ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள், கியர் மாறும்போது சுழற்சி வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்களான சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். உராய்வு குறைவதால் கியர் விழுவதும் கடினமாகலாம்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஆயிலை வடிப்பதற்கு முன், ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், வடித்த பிறகு காரை நகர்த்த முடியாது. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பார்க்க வேண்டும். மாவு போன்ற சாம்பல் நிறப் படிவு இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடையத் தொடங்கியிருக்கிறது. வெள்ளச் சாலையில் போன காரின் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

சத்தம் சொல்லும் பழுது

என்ஜின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்கும்போது கேட்கும் சத்தம், கிளட்ச் பெடலை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங்கில் தேய்மானம் இருக்கக்கூடும். மாறாக, மிதித்ததும் சத்தம் தொடங்கினால், பிரஷர் பிளேட்டை அழுத்திக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரு கியர் மட்டும் கரகரவென்று விழுந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். எல்லா கியர்களும் முரண்டு பிடித்து, என்ஜினை அணைத்ததும் எளிதாக விழுந்தால் குறை கியர் பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைச் சரிசெய்வதாலோ, கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதாலோ சரியாகிவிடக்கூடிய பழுது இது. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். பேரிங்கை மட்டும் பழையதாகவே விட்டு, அது சில மாதங்களில் கெட்டால் முழு இறக்குகூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். ஃப்ளைவீலின் பரப்பையும் என்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சீல் கசிந்தால் புதுப் பிளேட்டிலும் எண்ணெய் படிந்து வழுக்கும்.

ஆட்டோமேட்டிக் வகைகள்

என்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் மசகு மட்டுமல்ல. அதன் அழுத்தமே உள்ளிருக்கும் கிளட்சுகளை இயக்கிக் கியரை மாற்றுகிறது. பல கார்களில் புதிய ஆயில் சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் அது சூட்டில் கெட்டுவிட்டது. 'ஆயுள் முழுவதற்கும் போதும்' என்று கார் நிறுவனங்கள் சொல்லும் ஆயிலையும் மாற்றுவது நல்லது. இவ்வகை கியர் பாக்ஸ்களைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. கியர் லீவரை 'டி'யில் (டிரைவ்) போட்ட பிறகு கார் தாமதித்துக் கிளம்புவதும், கியர் மாறும்போது உதறுவதும் தொடக்க அறிகுறிகள். ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படித்த பிறகே எதையும் பிரிக்க வேண்டும்.

கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் வகையான சிவிடியில் எஃகுப் பட்டை ஒன்று இரு கப்பிகளுக்கிடையே விசையைக் கடத்துகிறது. அதற்கென உள்ள ஆயிலைத் தவிர வேறெதை ஊற்றினாலும் பட்டை வழுக்கிக் கப்பிகள் கீறிப்போகும்.

ஏஎம்டி என்பது, 2014இல் மாருதி செலெரியோ மூலம் இந்தியச் சாலைகளில் பரவலான வகை. உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸும் சாதாரண கிளட்சும்தான். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. ஆகவே மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காரை நிறுத்தி வைத்தால் இதிலும் பிளேட் தேயும். புதுப் பிளேட் போட்ட பின், அது பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வழியாகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பழக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார் வழியில் நின்றுவிட்டால் இயங்கு சக்கரங்கள் தரையில் உருள அதைக் கட்டி இழுக்கக் கூடாது. பெரும்பாலானவற்றில் ஆயில் பம்ப் என்ஜினோடுதான் சுழல்கிறது. என்ஜின் நின்றிருக்கையில் உள்பாகங்கள் மசகின்றி உராய்ந்து கெடும். முழுக் காரையும் மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியே பாதுகாப்பானது.