சாயம் நீங்கிய நீரும் உவர் நீங்காத வயலும்

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கடற்கரை அதன் கருமணலுக்குப் பேர்பெற்றது. அம்மணலிலுள்ள இல்மனைற்று என்னும் கனியம் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருளாகும். இவ்விரு உலோகங்களின் சேர்வைகளும் சாயக் கழிவுநீரைத் தெளிவிக்கும் ஊக்கிகளாக உதவுகின்றன. தான் செலவழியாது பிற பொருள்களின் மாற்றத்தை விரைவாக்குவதே ஊக்கி.

ஐதரசன் பேரொட்சைட்டுடன் இரும்பு சேர்ந்தால் சேதனப் பொருள்கள் சிதைவடைவதை 1894 ஆம் ஆண்டில் பென்றன் என்னும் ஆங்கிலேய இரசாயனர் அறிவித்தார். சாயத்தின் மூலக்கூறுகளும் அவ்வாறே துண்டாகி நிறமிழக்கும். இரும்பை நீரிற் கரைத்தால் அது பின்னர் சேறாகப் படியும். அச்சேற்றை அகற்றுவது தனித் தொல்லை. ஆதலின் இரும்பைக் களிமண் போன்ற கனியத்தின்மேல் ஏற்றி இடுகின்றனர். வேலை முடிந்தபின் அதனை வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெயிலிலுள்ள ஊதாகடந்த கதிரின் துணைகொண்டு இத்தகைய வேலையைச் செய்யும்.

இவ்வாறு நிறம் நீங்கிய நீரை வயலுக்குப் பாய்ச்சலாமா என்பதே கமக்காரர் கேட்கவேண்டிய கேள்வி. தமிழ்நாட்டின் திருப்பூரில் நடந்தது இதற்கு விடையளிக்கும். பருத்தி நூலிற் சாயம் பற்றுவதற்கு அங்கு ஏராளமான உப்பு இடப்படுகின்றது. அவ்வுப்பு நூலில் தங்காது, கழிவுநீருடன் வெளியேறும். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கென 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. பாதிக்கப்பட்ட கமக்காரர் நீதிமன்றஞ் சென்றனர். 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது.

சாயத்தைச் சிதைக்கும் ஊக்கி உப்பைச் சிதைக்காது. உப்பை நுண்சவ்வினால் வடித்தோ, நீரை ஆவியாக்கியோதான் பிரிக்கவேண்டும். நிறமுள்ள நீராவது பார்ப்பவரை எச்சரிக்கும். தெளிந்த உவர்நீர் அதனையுஞ் செய்யாது.

மண்ணின் உவரை மின்கடத்துதிறனால் அளப்பர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி, மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டியதும் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய்க்கு எல்லை 1.5, நெல்லுக்கு 3. ஆகவே நெல் தாங்கும் நீரில் வெங்காயம் நலிவடையக்கூடும். நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரங்களில் கடலுவரும் கிணற்றிற் கலக்கக்கூடுமாதலால் அங்குள்ள தோட்டக்காரர் இதிற் கூடிய கவனஞ் செலுத்தல் வேண்டும்.

ஐயமுள்ள கிணற்றுநீரைப் பாய்ச்சுமுன் அதன் மின்கடத்துதிறனை அளப்பித்தல் நன்று. மாதிரி எடுக்கும் போத்தலை அதே நீரால் மும்முறை அலசியபின், நிரப்பி மூடுக. முன்னர் உப்போ உரமோ வைத்திருந்த போத்தல் இதற்கு உதவாது.