கொடி நட்டால் நிலம் சொந்தமாகிவிடுமா? தெரியுமா?

ஆளே இல்லாத ஊரில் நின்றுகொண்டு, "ஸ்பெயின் அரசருக்குப் பணியுங்கள், மறுத்தால் போர்!" என்று ஒரு சட்ட அறிக்கையை உரக்கப் படித்தார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்தது! 1513-ல் எழுதப்பட்ட அந்த அறிக்கைக்கு ரெக்கெரிமியெந்தோ என்று பெயர். அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு ஒரு சொல்லும் புரியாத ஸ்பானிய மொழியில் அது படிக்கப்பட்டது. சில சமயம் கப்பலில் இருந்தபடியே கரையைப் பார்த்துப் படித்தார்கள். சில சமயம் மக்கள் ஓடிப்போன வெற்றுக் குடிசைகளுக்கு முன்னால் படித்தார்கள். இதற்குப் பின் விழும் உயிர்களுக்கெல்லாம் பணிய மறுத்தவர்களே பொறுப்பு என்றும் அதிலேயே எழுதியிருந்தது! கொள்ளையடிக்கப் போகும் இடத்தில்கூட ஒரு நியாயம் கையில் இருக்க வேண்டும் என்று பேரரசுகள் தவித்திருக்கின்றன, பாருங்கள்.

இன்னும் பெரிய ஆச்சரியம், அந்த நியாயத்தை உடைத்தவரும் ஸ்பெயின்காரரே! சலமான்கா பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் பிரான்சிஸ்கோ தே விட்டோரியா 1539-ல் மாணவர்கள் முன் ஒரு கேள்வி எழுப்பினார். நாம் அவர்களைக் 'கண்டுபிடித்ததால்' அவர்கள் நிலம் நமதாகுமென்றால், அவர்கள் கப்பலேறி வந்து நம்மைக் கண்டுபிடித்திருந்தால் ஸ்பெயின் அவர்களுடையதாகி இருக்குமா? போப்பாண்டவரும் உலகத்தின் எஜமான் அல்ல, பேரரசரும் அல்ல. அந்த மண்ணின் உண்மையான உடைமையாளர்கள் பூர்வகுடிகளே என்றார். 1539-ல்! ஆனால் முன்வாசலை அடைத்த அதே உரையில் கொல்லைப்புறத்தைத் திறந்தும் வைத்தார். பயணம் செய்யவும் வணிகம் நடத்தவும் மதம் பரப்பவும் தடுத்தால் போர் தொடுக்கலாம் என்றார். படைகள் அந்த வழியே போய்க்கொண்டே இருந்தன.

1493-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் கடலுக்கு அப்பாலிருந்த நிலங்களை ஸ்பெயினுக்குத் தாரைவார்த்த ஆணை தெரியுமா? அப்படிப்பட்ட ஆணைகளின் மேல் எழுந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் நிராகரித்தது எப்போது? 2023 மார்ச்சில்! 530 ஆண்டுகள்!

கேப்டன் குக்கின் கதை இன்னும் திகைப்பூட்டும். 1768-ல் அவர் புறப்படும்போது பிரிட்டிஷ் கடற்படை கொடுத்த ரகசிய உத்தரவில், போய்ச் சேரும் இடத்து மக்களின் சம்மதத்தோடுதான் நிலத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. 1770 ஆகஸ்டில் ஒரு சின்னத் தீவில் கொடியேற்றி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதும் அரசருக்கே சொந்தம் என்று அறிவித்தார் குக். சம்மதம்? யாரிடமும் கேட்கவில்லை.

கேட்காமல் எடுத்ததற்குக் காரணம் வேண்டுமே! அது தத்துவத்தில் தயாராக இருந்தது. சுதந்திரத்தின் தத்துவஞானி என்று உலகம் கொண்டாடும் ஜான் லாக், 1689-ல் வெளிவந்த நூலில் ஒரு வாதம் வைத்தார். மண்ணோடு உழைப்பைக் கலப்பவனுக்கே மண் சொந்தம். உழாமல், வேலியடைக்காமல் கிடப்பது தரிசு. அதற்கு அவர் காட்டிய உதாரணமே அமெரிக்காதான்! அதே லாக் கரோலைனா குடியேற்றத்தின் உடைமையாளர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர் என்பது தெரியுமா? கேள்வி எழுப்பியவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஆதாயம் பார்த்தவர்களும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, லாக்கின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் புட்ஜ் பிம் என்ற இடம். அங்கே குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கிக் கால்வாயும் அணையும் கட்டி, விலாங்கு மீன் பிடித்தும் வளர்த்தும் வந்தார்கள். அதன் வயது குறைந்தது 6,600 ஆண்டுகள்! 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. உழைப்பு அந்த மண்ணில் நிறையவே கலந்திருந்தது. வந்தவர்கள்தான் அதை உழைப்பாக எண்ணவில்லை.

இப்போது எடி மாபோவிடம் வருவோம். இந்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பாடம் வைக்க வேண்டும் என்பேன். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே, டாரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவுக்காரர். டவுன்ஸ்வில் நகரப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். 1970-களில் ஒருநாள் அங்கிருந்த வரலாற்றாசிரியர்களிடம், ஊரிலுள்ள தன் குடும்ப நிலத்தைப் பற்றிப் பெருமையோடு பேசினார். சட்டப்படி அது உங்களுடையது அல்ல, அரசுடையது என்று அவர்கள் சொன்னபோது அதிர்ந்துபோனார். தலைமுறை தலைமுறையாக எல்லை பிரித்துத் தோட்டம் போட்டுப் பயிரிட்ட மக்கள் அவர்கள். லாக்கே நேரில் வந்திருந்தாலும் தேர்ச்சி கொடுத்திருப்பார்! அவர்களது தெய்வம் மாலோவுக்கு ஆக்டோபஸ் வடிவம். எட்டுக் கைகளும் எட்டுக் குலங்கள். எட்டுக் கை கொண்ட அந்தத் தெய்வம் தந்த சட்டம் என்ன தெரியுமா? அடுத்தவன் நிலத்தில் கால் வைக்காதே, அவன் பொருளைத் தொடாதே!

1982-ல் மாபோவும் மற்ற நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். குவீன்ஸ்லாந்து அரசு 1985-ல் அவர்களுடைய உரிமையைப் பின்தேதியிட்டு அழிக்க ஒரு சட்டமே போட்டது. 1988-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1992 ஜூன் 3 அன்று, ஆறு நீதிபதிகள் ஆதரவாக, ஒருவர் எதிராக, தீர்ப்பு வந்தது: யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதை பொய், மெர் தீவு மெரியம் மக்களுடையதே! அதைக் கேட்க மாபோ இல்லை. ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு முன்பே, ஜனவரியில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது.

பட்டா இல்லாதவர்கள் நிலத்தை எப்படி நிரூபிப்பது? ஓவியம் வரைந்து! 1997-ல் கிரேட் சாண்டி பாலைவனத்தின் ஙுராரா மக்கள், 10 மீட்டருக்கு 8 மீட்டர் துணியில் தங்கள் நாட்டையே நீர்நிலைகளோடு வரைந்து தரையில் விரித்தார்கள். விசாரிக்க வந்த தீர்ப்பாயத்தின் முன், அவரவர் தாம் வரைந்த நிலத்தின் மேல் ஏறி நின்று தம் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007-ல் உரிமை கிடைத்தது. கனடாவில் கிட்க்சான் பூர்வகுடி மூதாட்டி ஒருவர் நீதிமன்றத்தில் தன் குலத்தின் பாடலைச் சாட்சியமாகப் பாட முன்வந்தபோது, தனக்கு இசைக் காது கிடையாது என்று நீதிபதி தடுக்கப் பார்த்தார். அதே வழக்கில் 1997-ல் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணத்துக்கு நிகரான இடம் தர வேண்டும் என்றது!

மாபோ தீர்ப்பு வந்த அதே 1992-ல், நியூசிலாந்தில் பிறந்த தத்துவஞானி ஜெரமி வால்ட்ரன் ஒரு சங்கடமான கட்டுரை எழுதினார். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் நீர்நிலையில் பங்கு கேட்டு நுழைவது அநீதி. ஆனால் பின்னர் பஞ்சம் வந்து, நுழைந்தவர்களின் நீர்நிலைகள் எல்லாம் வற்றிவிட்டால்? அப்போது பங்கு தருவதே நீதியாகிவிடும். ஆக, காலமும் சூழலும் மாறினால் பழைய அநீதி காலாவதியாகலாம் என்றார். கூர்மையான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தாமதிக்கத் தாமதிக்கக் களவு உரிமையாகும் என்றால், திருடியவன் வழக்கை இழுத்தடித்தாலே போதுமே! ஆஸ்திரேலியத் தத்துவஞானி ஜன்னா தாம்சன் வேறு வழியில் யோசித்தார். ஒரு நாடு என்பது தலைமுறைகளின் தொடர்ச்சி. முன்னோர் செய்த ஒப்பந்தத்தைப் பின்னோர் காக்கத்தான் வேண்டும். என் வாக்கு தாம்சனுக்கே.

அமெரிக்காவின் லகோட்டா மக்களைப் பாருங்கள். 1868 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று உறுதியளித்த பிளாக் ஹில்ஸ் மலைகளை, தங்கம் கிடைத்ததும் அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உறுதிசெய்தது. அவர்கள் வாங்கவில்லை! வட்டியோடு 100 கோடி டாலரைத் தாண்டியும் தொடவில்லை. விற்காத மலைக்கு எதற்கு விலை என்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒரு சட்டப் புத்தகம் இந்த அநீதியை ஒப்புக்கொண்டிருக்கிறது, தெரியுமா? 2006-ன் வன உரிமைச் சட்டம், காலனி ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் வனவாசிகளின் மூதாதையர் நிலவுரிமை மறுக்கப்பட்டதை 'வரலாற்று அநீதி' என்றே தன் முன்னுரையில் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளிடம் கேட்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அந்த முன்னுரை ஒரு பக்கம்கூட வராது. தேடி எடுத்துப் படியுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.