பதுங்குகுழியில் பிறந்த கவிதை

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் கிடந்த படைவீரர்கள் எழுதிய கவிதைகள், போரைப் பற்றி உலகம் பேசும் முறையையே மாற்றின. அதுவரை போரைப் பாடியவர்களில் பெரும்பாலோர் களத்துக்கு வெளியே நின்றவர்கள். தமிழிலும் அப்படித்தான். களவழி நாற்பதில் பொய்கையார் சோழன் செங்கணானின் வெற்றியைப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார், பிணக்களத்தில் பேய்கள் கூழ் அட்டுக் குடிப்பதையே மன்னனின் புகழாக்கினார். குருதியும் பிணமும் அங்கும் உண்டு. ஆனால் அவை வென்றவனின் பெருமைக்குச் சாட்சிகள். 1914க்குப் பின் எழுதிய வீரனின் கவிதையிலோ, பிணம் நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்த நண்பனுடையது.

போரின் தொடக்கத்தில் இங்கிலாந்தும் பழைய குரலில்தான் பாடியது. நாட்டுக்காக உயிர்விடுவதைத் தூய்மையான பேறாகப் போற்றிய ரூபர்ட் புரூக்கின் கவிதை, 1915 ஈஸ்டர் ஞாயிறன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் வாசிக்கப்பட்டது. அதே மாதம் 23ஆம் திகதி, துருக்கியின் கலிப்பொலிக்குக் கப்பலில் போகும் வழியில், குருதி நஞ்சேறி அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. பதுங்குகுழிகளின் நீண்ட வாழ்க்கையை அவர் காணவில்லை.

மலைநாட்டிலிருந்து கலிப்பொலிக்கு

அந்தக் கலிப்பொலிக்கு இலங்கை மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1900ஆம் ஆண்டு உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை, ஐரோப்பியத் துரைமார் மட்டுமே சேரக்கூடிய தொண்டர் படை. அதன் தலைமையகம் கண்டியில் இருந்தது. 1914 ஒக்ரோபரில் அதிலிருந்து ஏறத்தாழ 230 பேர் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குச் சென்றனர். அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டு, 1915இல் கலிப்பொலிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று கணக்குப் பார்த்த பெரிய துரைமாரும் சின்னத் துரைமாரும் தண்ணீருக்கும் தவிக்கும் பாறைச் சரிவுகளில் குழி வெட்டிப் பதுங்கினார்கள்.

கலிப்பொலியில் குண்டுக்கு அடுத்த எதிரி ஈயும் வயிற்றுக்கடுப்பும். இரு தரப்புக் குழிகளுக்கும் இடையே பிணங்கள் வெயிலில் அழுகின. நாற்றம் தாங்காமல், 1915 மே 24ஆம் திகதி இரு தரப்பும் சில மணிநேரம் போரை நிறுத்தித் தங்கள் பிணங்களைப் புதைத்தன. நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் குழிகளில் வெள்ளம் புகுந்து ஆட்கள் மூழ்கினார்கள். தொடர்ந்து வந்த பனியில் பலர் விறைத்து இறந்தார்கள்.

இலங்கையோடு தொடர்புடைய ஒரு கவிஞர் இந்தக் களத்தில் உருவானார். இளம் வயதில் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்ய இலங்கை வந்த ஜோன் ஸ்டில், பின்னர் தொல்பொருள் திணைக்களத்தில் எச்.சி.பி. பெல்லின் கீழ் பணியாற்றியவர். போரில் அவர் தோட்டத்துரைமார் படையில் அல்லாமல் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1915 ஓகஸ்ட் 9ஆம் திகதி சுவ்லா குடாவை அடுத்த தெக்கே தெப்பே குன்றில் ஏறிய சிறு குழுவோடு அவர் முன்னேறினார். உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தனர். எஞ்சிய சிலரோடு அவர் துருக்கியரிடம் பிடிபட்டார். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த அந்தச் சிறைவாசத்தில் எழுதிய கவிதைகள் ‘போயம்ஸ் இன் கெப்டிவிட்டி’ என்ற தொகுப்பாக 1919இல் வெளிவந்தன. போருக்குப் பின் மீண்டும் இலங்கை வந்த அவர், 1930இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள் டைட்’ நூலால்தான் இன்று பெரிதும் அறியப்படுகிறார்.

குழியின் உள்ளே

மேற்குப் போர்முனையில், பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை, இரு தரப்பும் குழி வெட்டி ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே கிடந்தன. தேயிலை மலையில் மழைநீர் வடிய வெட்டும் கானை ஆள் உயரத்துக்கும் மேலாக ஆழமாக்கி, நூற்றுக்கணக்கான மைல் நீட்டினால் எப்படியோ அப்படி இருந்தது அது. ஆனால் கானில் நீர் ஓடிவிடும். ஃபிளாண்டர்ஸ் களிமண்ணில் தேங்கி நின்றது. நாட்கணக்கில் நீரில் நின்ற பாதங்கள் வீங்கி அழுகின. பேனும் எலியும் உடனிருந்தன. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி ஈப்பரில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். 1916 ஜூலை 1ஆம் திகதி, சொம் ஆற்றுப் போரின் முதல் நாளில் மட்டும் பிரித்தானியப் படையில் 19,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதை எழுதப் பழைய சொற்கள் போதவில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவன் வாயுத் தாக்குதல் பற்றி எழுதிய கவிதையில் வீரர்கள் கிழவிகளைப் போல் கூனி இருமிக்கொண்டு, சப்பாத்து இல்லாத கால்களில் இரத்தம் கசியத் தள்ளாடி நடக்கிறார்கள். வாயு வருகிறது. எல்லோரும் தடுமாறி முகமூடி மாட்டுகிறார்கள். ஒருவன் மட்டும் பிந்திவிடுகிறான். முகமூடிக் கண்ணாடியின் பச்சை மங்கலில், கடலுக்கடியில் மூழ்குபவனைப் போல் அவன் துடிப்பதைக் கவிஞர் பார்க்கிறார். அந்த முகம் கனவிலும் அவரை விடுவதில்லை. நாட்டுக்காக இறப்பது இனிது என்ற பழைய லத்தீன் வாசகம் பொய் என்று கவிதை முடிகிறது.

ஓவன் ஓசையையும் உடைத்தார். தமிழ் எதுகையைப் போல ஒலி இனிமையாகப் பொருந்திவர வேண்டிய இடத்தில், மெய்யெழுத்தை நிறுத்தி உயிரெழுத்தை மாற்றினார். செவி எதிர்பார்க்கும் ஒலி வராமல் தட்டும். சிதைந்த உலகத்தை அந்தப் பிசகு காதுக்குள்ளேயே காட்டியது. சீக்ஃப்ரீட் சசூன் வேறு வழியில் போனார். எளிய பேச்சுமொழியில், தூரத்தில் இருந்துகொண்டு ஆட்களைச் சாவுக்கு அனுப்பும் தளபதிகளையும், ஊரில் இருந்து கைதட்டும் கூட்டத்தையும் கண்டித்தார். வறிய யூதக் குடும்பத்தில் பிறந்து சாதாரணச் சிப்பாயாகவே இருந்த ஐசக் ரோசன்பேர்க், விடியலில் தன் கையைத் தொட்டு ஓடிய எலியை எழுதினார். ஆங்கிலேயன், ஜெர்மானியன் என்ற பேதமின்றி இரு பக்கமும் போய்வர அந்த எலிக்கு முடிந்தது, மனிதருக்கு முடியவில்லை.

1917 ஜூலையில் சசூன் போரைத் தொடர்வதை எதிர்த்துப் பகிரங்க அறிக்கை விட்டார். வீரத்துக்காகப் பதக்கம் பெற்ற அதிகாரியைத் தண்டிக்கத் தயங்கிய இராணுவம், மனநோயாளி என்று எடின்பரோவின் கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த டபிள்யூ.எச்.ஆர். றிவர்ஸ், அதற்கு முன் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்வுசெய்து 1906இல் பெருநூல் வெளியிட்டவர். அதே மருத்துவமனையில் இருந்த ஓவனைச் சசூன் ஊக்கினார். ஓவனின் சிறந்த கவிதைகள் அடுத்த ஓராண்டுக்குள் பிறந்தன.

எதிரியும் மனிதன்

பதுங்குகுழிக் கவிதையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எதிரியின் முகம். ஓவனின் ஒரு கவிதையில், இறந்த வீரன் பாதாளத்தில் ஒருவனைச் சந்திக்கிறான். நேற்று நீ கொன்ற எதிரி நான்தான் என்கிறான் அவன். இருவரும் இழந்தது ஒரே வாழ்க்கையைத்தான். இத்தாலியின் ஜியுசெப்பே உங்காரெட்டி, மறுமுனையில் ஆஸ்திரியப் படை நின்ற மலைக்குழிகளில், ஓரிரு சொல் மட்டுமே கொண்ட வரிகளில் எழுதினார். அக்கவிதைகளின் தொகுப்பு 1916இல் 80 பிரதிகள் மட்டும் அச்சாயிற்று.

ரோசன்பேர்க் 1918 ஏப்ரல் 1ஆம் திகதி கொல்லப்பட்டார். ஓவன் நவம்பர் 4ஆம் திகதி, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், கால்வாய் ஒன்றைக் கடக்கும் முயற்சியில் விழுந்தார். போர் ஓய்ந்த 11ஆம் திகதி அவர் வீட்டுக்குச் சாவுத்தந்தி வந்தது. கடைசியாக விடைபெற்றபோது மகன் தாகூரின் கீதாஞ்சலி வரிகளைச் சொல்லிச் சென்றதை, அவருடைய தாய் 1920இல் தாகூருக்கே எழுதித் தெரிவித்தார்.

இலங்கை மண்ணில்

துரைமாரின் அந்தப் படையில் தோட்டத் தொழிலாளருக்கு இடம் இல்லை. ஆகவே கலிப்பொலி பற்றிய கவிதை எதுவும் லயங்களிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. பேர் தெரியாமல் புதைந்தவர்களுக்காகப் பேசும் கடமையை மலைநாட்டில் வேறு வகையில் ஏற்றவர் சி.வி. வேலுப்பிள்ளை. தேயிலைச் செடிக்கடியில் நினைவுக்கல்லும் இன்றிக் கிடக்கும் தொழிலாளரை அவர் பாடினார்.

பதுங்குகுழியில் இருந்தவரே எழுதிய தமிழ்க் கவிதை, உள்நாட்டுப் போரில்தான் வந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெண் போராளிகளான வானதியும் கஸ்தூரியும் 1991 ஆனையிறவுச் சமரில் இறந்தனர். தான் எழுதாமல் விட்டுச் செல்லும் கவிதையை எழுதுமாறு மற்றவர்களைக் கேட்கும் வானதியின் கவிதை இன்றும் வாசிக்கப்படுகிறது. பெண் போராளிகளின் கவிதைகள் ‘பெயரிடாத நட்சத்திரங்கள்’ என்ற தொகுப்பாக 2011இல் வெளியாகின. இலட்சியத்தில் அவர்களுக்கு இருந்த உறுதி ஓவனுக்கோ சசூனுக்கோ இருக்கவில்லை. அவர்களின் கவிதைகள் வேறு திசை நோக்குபவை. ஆனாலும் களச் செய்தியில் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சும் ஆட்களின் பயத்தையும் பாசத்தையும் வலியையும் உள்ளே இருந்தவரே சொல்லும்போது, வெளியே இருந்து போரைப் புகழ்வது எவருக்கும் எளிதாக இருப்பதில்லை.