குடிவழியும் கொழுப்புணவும்



தந்தைக்கு மாரடைப்பு வந்தால் மைந்தனுக்கும் அது வந்தே தீரும் என்பர் சிலர். நோய்க்கெல்லாம் உணவே காரணம், குடிவழியில் ஒன்றுமில்லை என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளில் எது மெய்? விடை காண, ஒரே ஒரு மரபணுவின் வரலாற்றை ஆராய்வோம்.

கொலஸ்டிரால் நம் உடலுக்கு இன்றியமையாத பொருள்; உயிரணுக்களின் மேற்சவ்வு அமைவதற்கு அது வேண்டும். ஆனால் அது நீரில் கரைவதில்லை. ஆதலால், புரதம் கலந்த நுண்துகள்களில் அடங்கியே இரத்தத்தில் பயணம் செய்கிறது. அத்துகள்களுள் ஒரு வகைக்குக் குறையடர்த்திக் கொழுப்புப் புரதம் என்று பெயர். கல்லீரல் உயிரணுக்களில் இத்துகள்களைப் பற்றி உள்ளே ஈர்த்துக்கொள்ளும் வாயில்கள் உண்டு. அறிவியலார் இவற்றை ஏற்பிகள் என்பர். வாயில்கள் குறைந்தால் துகள்கள் இரத்தத்திலேயே தேங்கும். நாளடைவில் இருதயத் தமனிகளின் சுவரில் படிந்து வழியை அடைக்கும்.

இவ்வுண்மையைக் கண்டறிந்தவர்கள், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அறிஞர்கள். இதற்காக 1985ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

இவ்வாயிலை ஆக்கும் கட்டளை ஒரு மரபணுவில் அடங்கியுள்ளது. அம்மரபணுவின் ஒரு படியைத் தாயிடமிருந்தும் மற்றொரு படியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். ஒரு படி பழுதுற்றால் பயன்தரும் வாயில்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இரண்டும் பழுதுற்றால் இளம் பருவத்திலேயே மாரடைப்பு நேரக்கூடும். ஒரு படி பழுதுற்றவரின் மக்கள் ஒவ்வொருவருக்கும் அப்பழுது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அப்படியாயின் விதி எழுதியாயிற்று என்று கொள்ளலாமா? நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், இப்பழுதைச் சுமந்துவந்த ஒரு பெருங்குடும்பத்தின் இறப்புப் பதிவுகளை இரு நூற்றாண்டுக் காலத்திற்கு ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குடும்பத்தாரின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட மிகவில்லை. 1915க்குப் பின் அது உயரத் தொடங்கி, 1935க்கும் 1964க்கும் இடையே உச்சத்தை எட்டி, பின்னர்த் தணிந்தது. மரபணு அதுவே, மாறியது வாழ்ந்த சூழல்.

சூழல் என்பதில் புகைபிடித்தலும் உடலுழைப்பும் அடங்குமன்றோ? உணவின் பங்கை உணர்த்த வேறொரு சான்று உண்டு. இதே மரபணுவில் பழுதுற்ற சீன மக்களைப் பற்றிய ஆய்வொன்று 1998இல் வெளிவந்தது. கொழுப்புக் குறைந்த உணவை உண்டு சீனாவில் வாழ்ந்தோரைவிட, கொழுப்பு மிகுந்த உணவை உண்டு கனடாவில் வாழ்ந்த சீனர்களுக்குக் கொலஸ்டிரால் மிக அதிகமாக இருந்தது.

இதன் காரணம் யாது? வெண்ணெய், நெய், கொழுத்த இறைச்சி ஆகியவற்றில் மிகுதியாக உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் வாயில்கள் செயற்படுவதைக் குறைக்கிறது. முழு எண்ணிக்கையில் வாயில்கள் உள்ளவர் இதை ஓரளவு தாங்குவர். பிறப்பிலேயே பாதி வாயில்களை இழந்தவருக்கோ, எஞ்சியவையும் தளர்ந்துபோகும். இவ்வாறு மரபுக் குறையும் உணவுக் குறையும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

எனினும், இப்பழுதுடையோருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமென்று எண்ணுதல் தவறு. பெரும்பாலோருக்கு மருந்தும் வேண்டும். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த ஸ்டாட்டின் என்னும் மருந்தினம், கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாவதைத் தடுத்து, வாயில்களைப் பெருகச் செய்கிறது. ஆகவே, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்திருப்பின், மற்றவர்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் நலம்.

மரபு நிலம் போன்றது. உணவு அதில் பாயும் நீர் போன்றது. நிலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கில்லை. நிலத்தின் இயல்பறிந்து நீரை அளவோடு பாய்ச்சுதல் நம் கையில் உள்ளது.